குறுக்கு வலி: படுப்பதா, நடப்பதா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தை, மாசி மாதங்களாக இருந்தால் இன்னும் நல்லது. சமவெளியில் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். வரிசையாக ஆட்கள் குனிந்து நின்று, கரும்பை அடியோடு வெட்டி, சோகை கழித்து, கட்டுக் கட்டி, தலையில் ஏற்றி, சாய்த்து வைத்த பலகை மீது ஏறி லாரியில் போடுவார்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் பேருந்து வளைந்து வளைந்து கல்வராயன் மலை மீது ஏறும். அங்கே சரிவான சாமைக் காடுகளும், புளிய மரங்களும், தலையில் விறகுக் கட்டுடன் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் பெண்களும் கண்ணில் படுவார்கள்.

கீழே கரும்பு வெட்டுபவரையும் மேலே விறகு சுமப்பவரையும் நிறுத்தி, "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால், பலரிடமிருந்து ஒரே பதில் கிடைக்கும்: "குறுக்கு வலிங்க." இடுப்பு வலி என்று சொல்லலாமே என்று தோன்றுகிறதா? நம் ஊர்ப் பெண்கள் பேச்சில் இடுப்பு வலி என்றால் பிரசவ வலி என்றும் பொருள்படும். ஆகையால் இக்கட்டுரையில் குறுக்கு வலி என்றே சொல்வோம்.

இந்த வலிக்கு மருத்துவம் சொன்ன அறிவுரை ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா? முன்பு மருத்துவர், "மூன்று வாரம் அசையாமல் படுத்திரு" என்பார். கூலிக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு, "ஐயா, நான் படுத்தால் அடுப்பு எரியாதே" என்பார். அவர் சொன்னது வறுமையின் குரல் என்று எல்லோரும் நினைத்தார்கள். படுக்காமல் இருந்ததே அவர் முதுகுக்கு நல்லது என்று பிற்பாடு அறிவியல் சொல்லப் போகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதுகுக்குள் என்ன இருக்கிறது?

நம் முதுகின் கீழ்ப்பகுதியில் 5 பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இரண்டுக்கும் இடையே ஒரு வட்டமான தட்டு உண்டு. மருத்துவர்கள் இதை டிஸ்க் என்பார்கள். நம் மக்கள் 'ஜவ்வு' என்பார்கள். தட்டின் நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான நார்களும் இருக்கின்றன. பகலில் நாம் நிமிர்ந்து நடமாடும்போது உடலின் எடை தட்டிலுள்ள நீரைச் சிறிது சிறிதாகப் பிழிந்து வெளியேற்றும். இரவில் படுத்தவுடன் தட்டு மீண்டும் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் உங்கள் உயரத்தை அளந்து, மாலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பீர்கள்!

தட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கும்? 1960-களில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி இதை அளந்தார். 1999-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரின் குழு இதை மீண்டும் அளந்தது. 45 வயதுள்ள ஓர் எலும்பு மருத்துவர் தம் தட்டுக்குள்ளேயே அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டு, உட்கார்ந்தார், நடந்தார், பாரம் தூக்கினார், தூங்கினார். அவர் நிற்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம். 20 கிலோ எடையை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 23 கிலோ. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 கிலோ. அதே எடையை உடம்போடு ஒட்டி அணைத்து நின்றபோது 11 கிலோ மட்டுமே. எடை மாறவில்லை, அது முதுகிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே மாறியது. ஏற்றக்காலின் முனை நீள நீள இழுப்பதற்குப் பலம் அதிகம் வேண்டும் அல்லவா? அதே நெம்புகோல் விதிதான்.

நாக்கெம்சனின் அளவுகளில், உட்காருவது நிற்பதைவிட அழுத்தம் மிகுந்தது என்று வந்தது. அதை வைத்து உலகம் முழுவதும், 'நேராக உட்காருங்கள்' என்று படம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். உல்ம் அளவையிலோ, இயல்பாகத் தளர்ந்து உட்காருவது நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே அழுத்தம் தந்தது. நாற்காலியில் கூனி உட்கார்ந்ததற்காகப் பள்ளியில் திட்டு வாங்கியவர்கள் மகிழ்ச்சியடையலாம்.

இப்போது கரும்பு வெட்டுபவரிடம் வருவோம். கரும்பில் சர்க்கரை அடித்தண்டில்தான் அதிகம். தரையை ஒட்டி வெட்ட வேண்டும்; இல்லையேல் நஷ்டம். எனவே அவர் முழுக்கக் குனிந்தே ஆக வேண்டும். நாம் முழுமையாகக் குனியும்போது முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 1950-களில் லண்டனில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் தசைகளின் மின்துடிப்பை அளந்து இதைக் காட்டினார்கள். தசைகள் ஓய்ந்ததும் மேலுடம்பின் பாரம் முழுவதும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் தொங்குகிறது. நார்கள் நேரம் ஆக ஆக மெல்ல நீளும். உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. பல மணி நேரம் குனிந்தவர் சட்டென்று நிமிரும்போது "பிடிச்சிக்கிச்சு" என்று நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். விடியற்காலையில் தட்டு நீரேறி உப்பியிருக்கும் நேரத்தில் குனிவது இன்னும் கடுமை. கரும்பு வெட்டோ வெயிலுக்கு முன்பே தொடங்குகிறது!

படுக்கை மருத்துவம்

முதுகு பிடித்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் கொடுப்பார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தடவிக்கொள்வார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்று குப்புறப் படுத்து மிதி வாங்குபவர்களும் உண்டு. ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட எலும்பு ஒட்டும் பரம்பரைகள் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அறுவை மருத்துவர்கள் வேறொரு கருத்தை நிலைநாட்டினார்கள். 1863-இல் ஜான் ஹில்டன் ஓய்வின் குணமளிக்கும் ஆற்றலைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் வெளியிட்டார். லிவர்ப்பூல் நகரத்து ஹக் ஓவன் தாமஸ், நோயுற்ற எலும்புக்கும் மூட்டுக்கும் கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால், இவரே ஓர் எலும்பு ஒட்டும் குடும்பத்தில் பிறந்தவர்! எலும்பு முறிவுக்கும் எலும்புக் காசநோய்க்கும் ஓய்வு பொருத்தமானதே. அவர் பெயரில் வழங்கும் கால் சட்டம் முதல் உலகப் போரில் எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தது. ஆனால் முறிவுக்குச் சொன்ன வைத்தியத்தைச் சாதாரணக் குறுக்கு வலிக்கும் சொல்லத் தொடங்கினார்கள். அங்கேதான் தவறு நுழைந்தது.

1934-ஆம் ஆண்டில் அந்தத் தவற்றுக்கு ஒரு புதிய ஆதரவு கிடைத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் இருவரும், தட்டிலிருந்து பிதுங்கிய பொருள் நரம்பை அழுத்துவதால் காலில் வலி இறங்குகிறது என்று காட்டி, அதை அறுவையால் நீக்கவும் செய்தார்கள். மிகச் சிறந்த கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் அதன் நிழல் அளவுக்கு மீறி நீண்டது. எந்தக் குறுக்கு வலியானாலும் 'ஜவ்வு விலகிவிட்டது' என்று சொல்லும் பழக்கம் உலகெங்கும் பரவியது. விலகியது தானாக உள்ளே போகட்டும் என்று வாரக்கணக்கில் நோயாளிகள் படுக்க வைக்கப்பட்டார்கள். உண்மையில் தட்டு விலகுவதில்லை. அது மேலும் கீழும் எலும்புடன் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. பிதுங்கலாம், கசியலாம், தட்டிலிருந்து சில்லு நழுவுவதுபோல நழுவிவிடாது.

தடவுதலிலிருந்து பயிற்சிக்கு

இதற்கிடையே வேறொரு கிளை தனியே வளர்ந்துகொண்டிருந்தது. 1813-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக்கென ஒரு நிலையம் தொடங்கினார். அசைவையே மருந்தாகக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். 1894-இல் இங்கிலாந்தில் 4 தாதியர் சேர்ந்து, முறையாகப் பயின்று உடம்பு பிடித்துவிடுவோரின் சங்கத்தை அமைத்தார்கள். அதுவே பின்னர் அந்நாட்டின் பிசியோதெரபிச் சங்கமாயிற்று. உலகப் போர்களில் ஊனமுற்ற வீரர்களும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளும் இத்தொழிலுக்கு அவசியத்தை உண்டாக்கினார்கள்.

நம் நாட்டிலும் இளம்பிள்ளை வாதமே இதற்கு வித்திட்டது. 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பிசியோதெரபிப் பள்ளி தோன்றியது. 1955-இல் இந்திய பிசியோதெரபி சங்கம் அமைந்தது. தமிழகத்தில் வேலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். பின் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைப்பதே அந்த நிலையத்தின் வேலை.

குறுக்கு வலிக்கு வருவோம். இங்கே பிசியோதெரபி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அமெரிக்காவின் டல்லாஸ் நகர எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ், மனிதன் நான்கு காலிலிருந்து நிமிர்ந்ததே முதுகுக்குக் கேடு என்று கருதினார். இடுப்பின் உட்குழிவைத் தட்டையாக்க வேண்டும் என்று, 1937-இல் முன்னால் வளையும் பயிற்சிகளை வெளியிட்டார். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பது அவற்றுள் ஒன்று. நாற்பது ஆண்டுக் காலம் மருத்துவமனைகளில் இதுவே வேதவாக்கு.

மறு கட்சி தோன்றியது ஒரு தற்செயலால். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இளம் பிசியோதெரபி நிபுணரிடம் ஒரு நோயாளி வந்தார். மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. "உள்ளே போய்க் குப்புறப் படுங்கள்" என்று சொல்லிவிட்டு மெக்கென்சி வேறு வேலையில் ஈடுபட்டார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கமோ முன்னவருக்காக உயர்த்தி விடப்பட்டிருந்தது. வந்தவர் சொன்ன சொல் தட்டாமல் அதன்மேலேயே குப்புறப் படுத்தார். முதுகு பின்னால் வில்லாக வளைந்துவிட்டது. சில நிமிடங்கள் கழித்து உள்ளே வந்த மெக்கென்சி திடுக்கிட்டார். அன்றைய பாடப்படி இந்த நிலை முதுகைக் கெடுத்துவிடும். ஆனால் நோயாளியோ, மூன்று வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை என்றார். காலில் இருந்த வலி மறைந்து முதுகின் நடுவே ஒடுங்கியிருந்தது! காலிலிருந்து வலி முதுகுக்கு ஏறி ஒடுங்குவது நல்ல அறிகுறி என்பதை அதன்பின் நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்து, 1981-இல் நூலாக எழுதினார். குப்புறப் படுத்துக் கையூன்றி மார்பை உயர்த்தும் அவருடைய பயிற்சியைப் பார்த்தால், 'இது நம் புஜங்காசனம் அல்லவா?' என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. அதற்குப் பிறகு வருகிறேன்.

முன்னால் வளை என்று ஒருவர். பின்னால் வளை என்று மற்றொருவர். இந்தச் சண்டைக்கு நடுவே கருவிகளும் வந்து குவிந்தன. இடுப்பில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்ஷன், சூடு கொடுக்கும் பெட்டி, கேளா ஒலி, மின்துடிப்பு எனப் பலவகை. நம் ஊரில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்: 'கரண்ட் வைப்பது'. "பத்து நாள் கரண்ட் வைச்சேங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். வைக்கும்போது இதமாக இருக்கும் என்பது உண்மை. பேருந்து ஏறி வீட்டுக்குப் போவதற்குள் வலியும் கூடவே ஏறிவிடும்.

திருப்பம்

1980-களில் சிலர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். படுக்கை உண்மையிலேயே குணப்படுத்துகிறதா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரிச்சர்டு டேயோவின் குழு, 203 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை, மற்றவர்க்கு 7 நாள். 1986-இல் முடிவு வெளிவந்தது. 7 நாள் படுத்தவர்கள் எதிலும் முந்தவில்லை; 2 நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்களோ 45 விழுக்காடு குறைவு. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒரு படி மேலே போனார்கள். ஒரு பிரிவினர் 2 நாள் படுத்தார்கள். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மிகவும் பிந்தியவர்கள் படுத்தவர்கள். இது திடீரென்று பிடித்த வலியைப் பற்றிய சோதனை என்பதை நினைவில் கொள்ளுங்கள். புதிதாகப் பிடித்த வலிக்குப் பயிற்சிகூட அவசரமாகத் தேவையில்லை, நடமாட்டம் போதும்.

இரண்டுக்கும் நடுவில், 1987-இல் கிளாஸ்கோ நகர எலும்பு மருத்துவர் கோர்டன் வாடெல் ஒரு கட்டுரை எழுதினார். குறுக்கு வலியால் முடங்குவோர் தொகை பெருகிக்கொண்டே போவதற்கு மருத்துவமும் ஒரு காரணம் என்று அவர் அதில் துணிந்து சொன்னார். முதுகை மட்டும் பார்க்காமல், நோயாளியின் அச்சத்தையும், வேலையையும், வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஸ்கேன் படத்திலிருந்து! 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தட்டாவது உப்பியிருந்தது. வலியே தெரியாமல் நடமாடியவர்கள் அவர்கள். தலை நரைப்பதைப் போல, தட்டும் வயதோடு தேய்கிறது, உப்புகிறது. படத்தைக் காட்டி "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று சொன்னால், கேட்டவர் அன்றுமுதல் குனியப் பயப்படுகிறார். அசையாத தசை மெலிகிறது. மெலிந்த முதுகு சிறு வேலைக்கும் வலிக்கிறது.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். அதில் இன்னொன்றும் நிகழ்கிறது. கல்வராயன் மலையில் சாமை விளையும் காலத்தில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுவார்கள். ஒருமுறை பன்றி புகுந்து பயிரை அழித்துவிட்டால், மறுநாள்முதல் காவல்காரன் இலை அசைந்தாலும் தட்டுவான். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? நம் நரம்பு மண்டலமும் அப்படித்தான். காயம் ஆறிய பிறகும் சிறு அசைவுக்கெல்லாம் தகரம் தட்டுகிறது. வலி பொய்யல்ல, முழுக்க மெய். ஆனால் அந்த வலி எழும் ஒவ்வொரு முறையும் முதுகு கெடுகிறது என்று பொருளில்லை. பன்றி இல்லை என்று காவல்காரனுக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பயிற்சியின் வேலை தசையை வலுவாக்குவது மட்டுமன்று, இதுவும்தான்.

வளைவுக் கட்சிகளின் சண்டை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 2021-இல் 249 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நாட்பட்ட குறுக்கு வலிக்குப் பயிற்சி செய்தவர்களின் வலி, செய்யாதவர்களுடையதைவிட 100 புள்ளி அளவுகோலில் சராசரியாகச் சுமார் 15 புள்ளி குறைந்திருந்தது. மாயமில்லை, ஆனால் மறுக்க முடியாத பயன். நம் புஜங்காசனக் கேள்விக்கும் விடை உண்டு. 2017-இல் பாஸ்டனில் 320 பேரிடம் யோகாசனத்தையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். யோகாசனம் பிசியோதெரபிக்குச் சளைக்கவில்லை. ஆகவே, எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட குறுக்கு வலிக்கென முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் குறுக்கு வலி இருந்ததாக ஒரு மதிப்பீடு. வழிகாட்டி பரிந்துரைப்பவை: நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, தேவையானால் கைமுறைச் சிகிச்சை, தடவுதல், மனநல உதவி, சில வலி மாத்திரைகள். வேண்டாம் என்று தள்ளியவை: இடுப்பு பெல்ட், டிராக்ஷன், கேளா ஒலி, மின்துடிப்பு, அபின் வகை மருந்துகள். பத்து நாள் கரண்ட் வைத்தவர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

உழைப்பு பயிற்சியாகுமா?

இந்த இடத்தில் ஒரு வாசகராவது எழுந்து, "அசைவுதான் மருந்தென்றால், நாள் முழுவதும் அசையும் கரும்புக் கூலிக்கு ஏன் வலி வருகிறது?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் முதுகு ஒரே பக்கம்தான் வளைகிறது. பயிற்சியில் அது போகாத பக்கமும் போகிறது. உழைப்பின் அளவைக் கங்காணி தீர்மானிக்கிறார். பயிற்சியின் அளவை உங்கள் உடம்பு தீர்மானிக்கிறது. உழைப்பில் களைத்த பிறகும் நிறுத்த முடியாது. மருந்தானாலும் அளவு மிஞ்சினால் கேடுதானே?

ஆகையால் நல்ல இயன்முறை மருத்துவர் கரும்பு வெட்டுபவரிடம், "குனியாதே" என்று சொல்லமாட்டார். சொன்னால், நோயாளி தலையை ஆட்டிவிட்டுப் போய்க் குனிவார். எந்த நேரத்தில் வலி கூடுகிறது, எந்தப் பக்கம் வளைந்தால் குறைகிறது என்று முதலில் விசாரிப்பார். குனிந்து வலிப்பவருக்கு, வரிசைக்கு வரிசை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் நான்கைந்து முறை வளையச் சொல்லலாம். காசு செலவில்லை, அரை நிமிடம் ஆகும். எழுந்ததும் நேரே காட்டுக்கு ஓடாமல், சிறிது நடந்து, பிறகு குனியச் சொல்லலாம். கட்டைத் தூக்கும்போது உடம்போடு ஒட்ட வைக்கச் சொல்லலாம். உல்ம் நகரத்து 23-ஐயும் 11-ஐயும் மறக்கவில்லையே? தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் நெம்புகோலின் தொல்லை குறைவு. இரண்டு பேர் சேர்ந்து தலைக்கு ஏற்றிவிட்டால், தூக்கும் கணத்தின் பளுவும் பாதியாகும்.

வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சிகளும் எளியவையே. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாலம்போல இடுப்பை உயர்த்தி இறக்குவது. நான்கு காலில் நின்று பூனைபோல முதுகை மேலும் கீழும் வளைப்பது. அதே நிலையில் ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. 5 முறையில் தொடங்கி வாரந்தோறும் கூட்டிப் போக வேண்டும். செய்த அன்று சற்று வலிக்கும். அந்த வலி மறுநாளைக்குள் அடங்கினால் அளவு சரி. அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்பவரானால் அவருக்கு நடையைவிட மலிவான மருந்தில்லை. ஆஸ்திரேலியாவில் வலி வந்து தேறியிருந்த 701 பேரிடம் நடந்த சோதனை 2024-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் 6 முறை இயன்முறை மருத்துவரைச் சந்தித்து, படிப்படியாக வாரம் 5 நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு நடையைக் கூட்டியவர்களுக்கு, வலி திரும்பி வர இடைநிலையாக 208 நாள் ஆயிற்று. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் குறுக்கு வலியும் நடந்து தீர்வதல்ல. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, கால் பலமிழந்து தொய்ந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்த இந்நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. மருந்தால் குணமாகும், மிதிப்பதால் குணமாகாது. மரத்திலிருந்து விழுந்தவரையும், புற்றுநோய் கண்டவரையும் அப்படியே பயிற்சிக்கு அனுப்பக்கூடாது. புளி உலுக்க மரமேறும் மலை மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலைக்கு யார் ஏறுவது?

அறிவு மாறிவிட்டது, அது மலையேற வேண்டாமா? கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. இங்கே பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், மலையில் வாழ்வோர் என்பதே பொருள். 2,000 அடிக்கு மேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பத்து நாள் கரண்ட் வைக்கப் பத்து நாள் கூலி.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. இவற்றைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருவதோடு, இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவது இத்திட்டத்தின் ஓர் அங்கம். நடக்க முடியாதவர்கள், பக்கவாதம் கண்டவர்கள் அவருடைய முதல் கவனம், அது சரியே.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். படுக்கை மருத்துவத்துக்குக் கட்டில் வேண்டும்; டிராக்ஷனுக்கும் கரண்டுக்கும் இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். இன்றைய மருத்துவம் கேட்பது ஒரு பாய், கொஞ்சம் நிழல், விவரம் தெரிந்த ஒருவர் ஆறு முறை வந்து போவது. மலைக்குக் கொண்டுபோக இதைவிட இலகுவான மருத்துவம் வேறு எது? வெள்ளிமலைச் சந்தை நாளில் ஒரு புளிய மரத்தடி போதும் என்பேன்.

"பெல்ட் ஏற்கனவே வாங்கியாயிற்றே, அதை என்ன செய்வது?" என்று மலையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பாரம் தூக்குகிற அன்று மனத்தெம்புக்குக் கட்டிக்கொள்ளுங்கள், நாள் முழுக்கக் கட்டாதீர்கள் என்றேன். அடுத்த முறை போனபோது அவர் வீட்டு மூலையில் அந்த பெல்ட் இருந்தது. சாமை மூட்டையின் வாயை அதைக் கொண்டு இறுக்கிக் கட்டியிருந்தார். நன்றாகத்தான் கட்டுகிறது.